பழங்கற்படி

திருவாரூர் வட்டாரத்தில் திருவிடைவாய் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் இறைவன் மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று, தேவாரத்தைத் தாங்கி வந்த ஏடுகளில் இருக்கவில்லை. ஏடுகளைக் கொண்டு தேவாரத்தை அச்சேற்றிய பெரியோர்களின் பதிப்புகளிலும் அது இடம்பெறவில்லை. பாடல்பெற்ற தலங்களின் பழைய கணக்கில் திருவிடைவாய் சேராமற் போனதற்கும் இதுவே காரணம். 1917ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் அக்கோயிற் சுவரைப் படித்தபோதுதான், அப்பதிகம் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. ஓலை மறந்ததைச் சுவர் மறக்கவில்லை.

இச்செய்தியைத் தேவார ஆராய்ச்சியாளர் மகிழ்ச்சியோடு எடுத்துரைப்பர். மகிழ்ச்சிக்கு உரியதுதான், ஆயினும் அதன் பின்னே ஓர் அச்சமும் நிற்கிறது. 1917க்குச் சில ஆண்டுகள் முன்னர், செல்வமும் பக்தியும் மிக்க ஒருவர் அக்கோயிலைப் பிரித்துப் புதுக்கல் கொண்டு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊரார் அவரை வாழ்த்தியிருப்பர். குடமுழுக்குச் சிறப்பாக நடந்திருக்கும். சம்பந்தரின் பதிகம் ஒன்று உலகில் இருந்ததென்பதே எவர்க்கும் தெரியாமல், படிக்கல்லாகவோ குளக்கரைக் கல்லாகவோ தேய்ந்து போயிருக்கும்.

பழமை வாய்ந்த கோயில்களைப் புதுப்பிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஓர் ஊரின் கதையில் அடங்கிவிடுகிறது. கோயில் வழிபாட்டுக்கு உரியது. பழுதுற்றால் சீர் செய்தே ஆகவேண்டும். அதே கோயில் ஆவணமும் ஆகும். கை வைத்தால் அழிந்துபடும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்னும் வினா, தொல்லியல் என்ற சொல் தமிழில் வழங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்நாட்டில் எழுந்துவிட்டது. அதற்குச் சோழர் காலத்தவர் கண்ட விடை அவர்கள் எழுப்பிய சுவர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

திருப்பணி வேண்டா என்று வாதிடுவோர் கோயிலின் இயல்பை அறியாதவரே. கருவறைத் திருவுருவைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து காலப்போக்கில் இளகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிக் குடமுழுக்குச் செய்ய வேண்டும் என்பது வழக்கு. தளவரிசைக்கு இடையே நீர் இறங்கும். பறவையின் எச்சத்தில் விழுந்த ஆலவிதை விமானத்தின் இணைப்புகளில் வேர்விட்டுக் கல்லையே பிளக்கும். இதனைப் பழைய நூலோர் நன்கு அறிந்திருந்தனர். மயமதம் போன்ற சிற்ப நூல்கள் பழுது பார்த்தற்கெனத் தனி இயலே வகுத்துள்ளன. பணி நடைபெறும் காலத்தில் வழிபாடு நின்றுவிடாதிருக்க, இறையாற்றலை வேறோர் உருவிலோ குடத்திலோ எழுந்தருளச் செய்து பூசை நடத்தும் பாலாலய முறையும் அவ்வாறு உண்டானதே. கட்டடம் மாறும், வழிபாடு மாறாது தொடரும் என்பது இம்முறைக்கு அடிப்படையான எண்ணம்.

அவ்வாறு கட்டடம் மாறியபோது சுவரில் இருந்த எழுத்தை என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையுமான செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய பெருமாட்டி. இளமையிலேயே கணவரை இழந்தவர். எஞ்சிய நெடுங்காலத்தை இப்பணியிலேயே கழித்தார். இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில், தம் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஒரு சிற்பத்தையும் அதன்கீழ் ஒரு கல்வெட்டையும் அமைத்தார். தாம் விரும்பிய ஒருவரின் நினைவைக் கல்லில் நிறுத்த அறிந்தவர், பிறர் நினைவுகளைக் கல்லினின்றும் அழித்துவிட ஒருப்படவில்லை. இதற்குச் சான்று திருக்கோடிகாவில் இருக்கிறது.

காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாக் கோயிலை மாதேவியார் கற்றளியாகப் புதுக்கியபோது, அங்கே பல்லவர் காலந்தொட்டுப் பொறிக்கப்பட்ட கொடைச் சாசனங்கள் தனித்தனிக் கற்களில் சிதறிக் கிடந்தன. விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவரும், திருவமுதுக்கு நிலம் விட்டவரும், பெயர் தெரிந்த அரசரும், பெயரன்றி வேறொன்றும் தெரியாத குடிகளும் அக்கற்களில் இருந்தனர். அவர்களுள் எவரும் மாதேவியாருக்கு உறவல்லர். பலர் அவர் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே மறைந்தவர். ஆயினும் அச்சாசனங்கள் யாவும் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. படியெடுத்தாயிற்று, ஆதலின் பழைய கற்கள் இனி வேண்டா என்று விடப்பட்ட செய்தியும் அங்கே பதிவாகியுள்ளது. எல்லாவற்றினும் மேலாக, இவ்வாறு பெயர்த்தெழுதப்பட்ட சாசனங்கள் தாம் மூலம் என்று நடிக்கவில்லை. இதுவும் ஒரு பழங்கற்படி என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன.

‘பழங்கற்படி’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். பழைய கல்லின் படி, அஃதாவது நகல். கல் புதிது, சொல் பழையது என்று ஒரே சொல்லில் உண்மையை உரைத்துவிடுகிறது. எழுத்தமைதியை மட்டும் கண்டு காலம் கணிப்போர் பிற்காலத்தில் மயங்காதிருக்க வேண்டும் என்று அக்காலத்தவர் கருதினரோ இல்லையோ, அம்மயக்கத்தை அச்சொல் தீர்த்துவைக்கிறது. பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு சோழர் கால எழுத்தில் இருப்பதைக் கண்டு திகைக்கும் ஆராய்ச்சியாளருக்கு விடை அருகிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, தமக்குக் கிடைத்த பாடம் இது, வேறு பிரதியில் உள்ள பாடம் இது என்று அடிக்குறிப்பில் காட்டிய உ.வே.சாமிநாதையரின் பதிப்பு நேர்மை தமிழுக்குப் புதுவரவு அன்று என்று சொல்லத் தோன்றுகிறது. சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். திருக்கோடிகாவின் பதிப்பு வெளிவந்து அப்போது ஒன்பது நூற்றாண்டு ஆகியிருந்தது.

இம்மரபு எல்லாக் காலத்தும் பேணப்பட்டது என்று கூறிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் செய்த திருப்பணிகள் அளவிலும் ஈகையிலும் ஒப்பற்றவை. கேட்பாரற்றுக் கிடந்த எத்தனையோ கோயில்களில் மீண்டும் விளக்கு எரிந்தது அவர்களால்தான். அதனை மறப்பது நன்றிகேடு. ஆனால் அப்பணிகளில் முற்காலச் சோழர் கட்டடங்கள் பல அடியோடு பிரிக்கப்பட்டு, மெருகேறிய புதுக்கற் கோயில்கள் அவ்விடத்தில் எழுந்தன. கல்வெட்டு அறிஞரும் கலை வரலாற்றாரும் இதைக் குறித்து வருந்தி எழுதினர். மாதேவியாரும் பழைய கோயிலைப் பிரித்தவரே, இவர்களும் பிரித்தவர்களே. பழைய எழுத்தைப் புதுச்சுவரில் ஏற்றவேண்டும் என்ற நினைவு இடையில் எங்கோ அறுந்துபோயிற்று. எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர் அருகிப்போனதே அதற்குக் காரணம் எனலாம். பழைய எழுத்துமுறை மக்களுக்கு அயலாகிவிட்ட நிலையில், சுவரில் இருந்தது சாசனமா கீறலா என்று யார் அறிவார்?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கே இக்கதி நேர்ந்திருந்ததை நினைவிற் கொள்ளவேண்டும். தாம் கொடுத்தவற்றையும், தம் தமக்கையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டிருந்தான். அவ்வாறே அதிட்டானம் முழுவதும் எழுத்தால் நிறைந்தது. இருந்தும், அக்கோயிலைக் கரிகாலன் எடுப்பித்தான் என்று தலபுராணம் கூறியது, மக்களும் நம்பினர். 1886இல் அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹுல்ட்ஷ் அச்சாசனங்களைப் படித்து வெளியிட்ட பின்னரே கட்டியவன் பெயர் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. தன் பெயரைத் தானே எழுதிவைத்த கோயில், படிப்பாரின்றிப் பல தலைமுறை காத்திருந்தது. அந்த இடைக்காலத்தில் யாரேனும் அதிட்டானத்தைச் செதுக்கி மெருகேற்றியிருந்தால், தமிழர் வரலாற்றில் இராசராசன் இன்று எவ்வளவு பெரியவனாக நிற்பான் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தஞ்சைக் கோயில் மற்றொரு பாடத்தையும் தருகிறது. பழைய நிலைக்கு மீட்க வேண்டும் என்பர்; எந்தப் பழைய நிலைக்கு? அங்குள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் கோயிலும் நாயக்கர் திருப்பணியே. அம்மன் கோயில் சோழர்க்குப் பிற்பட்டது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி தம் குலவரலாற்றை 1803இல் சுவரில் வெட்டுவித்தார். இராசராசன் விட்டுச்சென்ற கோலமே உண்மைக் கோலம் என்று பிடிவாதம் செய்தால் இவற்றையெல்லாம் பெயர்த்தெறிய நேரும். 1931இல் இவ்வினா வேறொரு வடிவில் எதிர்ப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய உள்நாழியில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். மேலே உள்ளதைச் சுரண்டினால் கீழே உள்ளது வெளிப்படும்; ஆனால் மேலே உள்ளதும் முந்நூறு ஆண்டுப் பழமை உடையதாயிற்றே! பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைச் சுதைப்பூச்சோடு பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றிக் காத்தனர். இரண்டு காலங்களும் பிழைத்தன. ஆனால் வலம்வருவதற்கென்றே அமைந்த அந்த உள்நாழி, ஓவியங்களைக் காக்கும்பொருட்டுப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. ஓவியம் வாழ்கிறது, வலம் நின்றது. இது சரியான விலைதானா என்று கேட்கும் அடியாரை அறியாமை உடையவர் என்று ஒதுக்குவது முறையாகாது. விளக்குப் புகையும் மக்களின் மூச்சும் அச்சுண்ணப் பூச்சை என்ன செய்யும் என்று அறிந்தவர், அவ்விலையைக் கொடுக்கவே சம்மதிப்பர்.

பயன்பாடு என்பதில் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கும் என்பதை அக்கோயில் மிகக் கொடிய முறையில் உணர்த்தியது. 1997 ஜூன் 7 அன்று, குடமுழுக்கிற்காகக் கோயிலுக்குள் அமைக்கப்பட்ட வேள்விச்சாலையின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல் அசையவில்லை, மக்கள் மடிந்தனர். அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 அன்று நடைபெற்றபோது வேள்விச்சாலை கோயிலுக்கு வெளியே அமைக்கப்பட்டது.

தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றும் நடுவண் அரசின் தொல்லியல் துறையிடம் உள்ளன. இத்தகைய சின்னங்களுக்கு முன்பு 1904ஆம் ஆண்டுச் சட்டம் காவலாக இருந்தது; அதன்பின் வந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் இன்று காவலாக உள்ளது. புதுப்பிப்பதன்று, உள்ளதைக் காப்பதே முதற்கடமை என்று 1923இல் ஜான் மார்ஷல் எழுதிய கையேடு அத்துறைக்கு நெறிநூலாயிற்று. தமிழகத்தின் பெரும்பாலான கோயில்களோ 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் வருவன. அங்கே ஆண்டுதோறும் திருப்பணிகள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். இடர் அங்கேதான் மிகுதி.

எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் படிந்த கருங்கற் சுவர்களைத் தூய்மை செய்ய, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு முறை பரவிற்று. காற்றழுத்தக் கருவியால் மணலைச் சுவரில் பீய்ச்சி அடித்தனர். ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்று பணியாட்கள் முதல் அறங்காவலர் வரை யாவரும் அதனை அழைத்தனர். நூறாண்டு அழுக்கு ஒரே நாளில் போயிற்று. கோயில் நேற்றுக் கட்டியதுபோல் வெளுத்துப் பளபளத்தது. கண்டவர் மகிழ்ந்தனர். கல்லில் வெட்டிய எழுத்தின் ஆழம் எவ்வளவு? ஒரு நெல்லின் பருமன் இருந்தால் அதிகம். விசையோடு வரும் மணல், அழுக்கு எது, எழுத்தின் விளிம்பு எது என்று அறியாது. சிற்பத்தின் மூக்கும் விரல்நகமும் மழுங்கின. சாசனங்கள் வரி வரியாக மங்கின. இம்முறை பின்னர் விலக்கப்பட்டது. அம்மோனியா சிறிது கலந்த நீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் இருந்தால் அதே அழுக்கை எழுத்துக்கு ஊறின்றி நீக்கலாம் என்பது முன்பே தெரிந்த செய்தி. மூன்றாவதாகக் கூறியது மட்டும் ஒப்பந்தப் பத்திரங்களில் இடம்பெறுவதில்லை.

சிமெண்டின் கதையும் இத்தகையதே. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துச் செய்த பழைய காரை, கட்டடத்தோடு சேர்ந்து நெகிழும். உட்புகுந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு விரைவில் இறுகும். ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு பழைய செங்கல்லின் வழியே வெளியேறும், செங்கல் பொடியும். உறுதிக்கென்று செய்தது உறுதியைக் குலைக்கிறது. இந்த இடத்தில் உண்மைத்தன்மையும் பயன்பாடும் பகைகள் அல்ல. பழைய காரையே பயனிலும் சிறந்தது.

இக்கேள்வி தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரின் கற்கட்டடங்களை மனத்திற்கொண்டு 1964இல் வெனிசு நகரில் ஒரு சாசனம் வகுக்கப்பட்டது. மூலப்பொருள் எதுவோ அதுவே உண்மை என்பது அதன் போக்கு. ஆனால் சப்பானில் ஈசே என்னுமிடத்துத் திருக்கோயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிய மரத்தால் கட்டப்படுகிறது. 2013இல் அறுபத்திரண்டாம் முறையாக அவ்வாறு கட்டினர். மரம் புதிது; தச்சுமுறை பழையது. அதனைப் போலி என்று யார் சொல்வது? 1994இல் நாரா நகரில் கூடிய அறிஞர்கள், உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் உள்ளிருந்தே மதிப்பிட வேண்டும் என்று அறிவித்தனர். சப்பானியர் கைத்திறனைக் காத்தனர். அதே அளவுகோலைத் தமிழகத்திற்கு வைத்துப் பார்த்தால், இங்கே காக்கப்பட்டது எழுத்து என்பது தெளிவாகும். கல்லை மாற்றினர், தளத்தை உயர்த்தினர், செங்கல்லைக் கருங்கல்லாக்கினர். யார் என்ன கொடுத்தார் என்ற சொல்லை மட்டும் கைவிடவில்லை. கொடுத்தவன் சொல் நிற்கும்வரை அறம் நிற்கும் என்பது அவர்தம் எண்ணமாதல் வேண்டும்.

பிற்காலத்து நல்ல முயற்சிகளையும் சொல்லவேண்டும். திருவரங்கத்தில் 2015இல் நிறைவுற்ற திருப்பணியின்போது, பழைய மழைநீர் வடிகால்கள் மீண்டும் செயற்படுமாறு செய்யப்பட்டன. அப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. வடிகால் அழகுப்பொருள் அன்று. எனினும் கட்டியவர் கருத்தை அறிந்து அதனைத் திறந்துவிட்டதும் நீர் தானே வழிகண்டது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் செடி படர்ந்து சிதைந்து கிடந்தது; மரபுவழித் தபதியரும் பாதுகாப்புப் பொறியாளரும் சேர்ந்து அதனை எழுப்பிய பணிக்கு 2024இல் அதே விருது வரிசையில் சிறப்பு கிடைத்தது. அங்கே மீண்டும் பூசை நடக்கிறது. 2021 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களின் பாதுகாப்புக் குறித்து எழுபத்தைந்து ஆணைகள் பிறப்பித்ததும் இவ்வரிசையில் சேரும்.

ஆயினும் ஒரு சிறு குறை எங்கும் காணப்படுகிறது. இன்று திருப்பணி முடிந்த எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் வாயிலருகே மெருகிட்ட கறுப்புக் கல் ஒன்று இருக்கும். குடமுழுக்கு நாள், முன்னின்றோர் பெயர், நன்கொடையாளர் பெயர், தொகை ஆகியவை பொன்னெழுத்தில் மின்னும். இந்தத் தூண் எப்போது மாற்றப்பட்டது, எந்தச் சுவர் பிரித்துக் கட்டப்பட்டது, பிரித்த கல்லில் எழுத்து இருந்ததா, அது இப்போது எங்கே உள்ளது என்ற செய்தி மட்டும் அதில் இராது. கல்வெட்டுத் துறையினர் ஒரு நூற்றாண்டுக்கு முன் தாளில் எடுத்துவைத்த மைப்படிகளுள், இன்று சுவரே இல்லாத சாசனங்கள் பல உண்டு. அவற்றுக்கு அந்தத் தாளே பழங்கற்படி.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலைப் பற்றிய செய்தி இவ்விடத்தில் கூறத்தக்கது. இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1013இல், அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவரை இடிக்குமுன் அதிலுள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். அடுத்த ஆண்டே அவன் ஆட்சி முடிவுற்றது. மகன் இராசேந்திரன் அரியணை ஏறினான். படைகள் ஈழம் சென்றன, கங்கை சென்றன, கடல்கடந்து கடாரமும் சென்றன. புதிய தலைநகர் ஒன்றே எழுந்தது. இத்தனைக்கும் இடையில் திருமழபாடியின் அந்தப் புத்தகத்தை யாரோ ஒருவர் கறையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில் அதனை எடுத்துவந்து, முன்பு சுவரில் இருந்தவற்றை ஒன்றொன்றாகப் புதுச்சுவரில் வெட்டினர். அவை இன்றும் அங்கே உள்ளன.